ப்ராசஸர் முழுக்கச் சும்மா இருக்கு, சர்வர் மட்டும் திணறுது: கெர்னல் ஒரே ஒரு கோரைத்தான் பார்க்கிறதா?

வேளச்சேரிவாசி (கேள்வி)

வணக்கம். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கால் சென்டரின் குரல் பதிவு சர்வர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்த பெட்டி: ரைசன் 7, 32 ஜிபி ரேம், போர்டிலேயே இருக்கும் ரியல்டெக் 1 கிகாபிட் போர்ட், எஸ்எஸ்டி 2. ஓஎஸ் டெபியன் 12. உச்ச நேரத்தில் 600 அழைப்புகள் வரை ஒரே சமயத்தில் ஓடும். ஆர்டிபி (குரலைத் துண்டு துண்டாக அனுப்பும் முறை) பாக்கெட்டுகள் வந்து விழும், பைத்தான் ப்ராசஸ்கள் அதை எடுத்துக் கோப்பாக எழுதும். மொத்தம் 33 வொர்க்கர்.

காலை 11 மணி ஆனால் பதிவில் குரல் நடுநடுவே அறுபடுது. அப்போது ‘டாப்’ காட்டுவது இது: யூசர் 4.1, சிஸ்டம் 1.0, எஸ்ஐ (சாஃப்ட் இன்டரப்ட்) 3.1, ஐடில் 91.8. வெயிட் 0. லோடு ஆவரேஜ் (ஓடும், முறைக்குக் காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி) 6.8. அதாவது ப்ராசஸர் 92% சும்மா உட்கார்ந்திருக்கு, ஆனால் வேலை தேங்குது.

கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மல்டிப்ராசஸர் சப்போர்ட் இல்லாமல் இருக்குமா? கெர்னலை மறுபடி கம்பைல் செய்யணுமா? 16 கோர் இருக்கும் பெட்டி இது. இன்னும் பெரிய ப்ராசஸர் வாங்கலாம்னு மேலிடத்தில் பேச்சு ஓடுது, அதற்குள் காரணம் தெரியணும்.

ரூட்டுத்தலை

முதலில் ஒரு திருத்தம். ரைசன் 7-இல் கோர் 8, த்ரெட் 16. கெர்னல் 16 சிபியு என்று எண்ணும், ஆனால் இரண்டிரண்டு பேர் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். கணக்குப் போடும்போது இதை மறக்காதீர்கள்.

கம்பைல் எல்லாம் வேண்டாம். லினக்ஸுக்கு மல்டிப்ராசஸர் சப்போர்ட் வந்தது 2.0-இல், 1996-இல். கெர்னல் முழுக்க ஒரே பூட்டுக்குள் ஓடிய பழக்கத்தின் கடைசி மிச்சம் 2.6.39-இல், 2011-இல் போய்விட்டது. டெபியன் 12-இன் 64 பிட் கெர்னலில் இந்தச் சந்தேகமே வரக்கூடாது. இருந்தாலும் ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் போடுகிறேன், டைப் செய்யும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

‘யுநேம் -வி’ அடித்தால் வரும் வரியில் எஸ்எம்பி (பல ப்ராசஸர் சப்போர்ட்டைக் குறிப்பது) என்ற மூன்றெழுத்து இருக்கும். ‘எல்எஸ்சிபியு’வில் ‘ஆன்லைன்’ வரி 0-15 என்று இருக்கணும். 0 மட்டும் இருந்தால் ‘/ப்ராக்/சிஎம்டிலைன்’ கோப்பைத் திறந்து ‘நோஎஸ்எம்பி’, ‘மேக்ஸ்சிபியுஸ்=1’ என்று எவராவது பூட் வரியில் விட்டுப் போயிருக்கிறார்களா பாருங்கள். எப்போதோ ஒரு டிரைவர் தகராறுக்குப் போட்டதை எடுக்க மறந்திருப்பார்கள். பயாஸில் கோரை முடக்கும் அமைப்பும் உண்டு, அது இருந்தால் கெர்னலுக்குச் சங்கதியே தெரியாது.

அப்புறம், நீங்கள் பார்த்த 91.8 என்பது 16 சிபியுக்களின் சராசரி. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. ஒரு சிபியு முழுக்க எரிந்துகொண்டிருந்தாலும் மொத்தத்தில் 6.25% தான் தெரியும். உங்கள் கணக்கில் செலவானது 8.2. இது ஒரு சிபியு நிரம்பி, மீதி லேசாக வேலை செய்யும்போது வரும் எண் போலத்தான் இருக்கு. ‘டாப்’ ஓடும்போது 1 என்ற எண்ணை அழுத்தினால் சிபியு ஒவ்வொன்றும் தனி வரியாக விரியும்.

இவற்றை உச்ச நேரத்தில் எடுத்துப் போடுங்கள். ‘சிஸ்ஸ்டாட்’ பேக்கேஜ் வேண்டும்.

‘எம்பிஸ்டாட் -பி ஆல் 1 5’, இதில் பி பெரிய எழுத்து. ‘விஎம்ஸ்டாட் 1 5’. ‘பிட்ஸ்டாட் 1 5’, அதில் கடைசிக்கு முந்தைய ‘சிபியு’ பத்தியைக் கவனியுங்கள், ப்ராசஸ் எந்த சிபியுவில் ஓடியது என்று அதுதான் சொல்லும். கூடவே ‘/ப்ராக்/இன்டரப்ட்ஸ்’ கோப்பில் நெட்வொர்க் கார்டு வரி (இன்டரப்ட் என்பது கார்டு சிபியுவைக் கூப்பிடும் மணி, எந்த சிபியுவில் எத்தனை என்று அதில் இருக்கும்).

வேளச்சேரிவாசி

11.20-க்கு எடுத்தது. எஸ்எம்பி இருக்கு. ஆன்லைன் 0-15. பூட் வரியில் எதுவும் இல்லை.

எம்பிஸ்டாட்:
சிபியு 0: யூசர் 41, சிஸ்டம் 9, சாஃப்ட் 49, ஐடில் 1.
சிபியு 1 முதல் 15 வரை: எல்லாமே ஐடில் 97-க்கு மேல்.

விஎம்ஸ்டாட்டில் ஆர் பத்தி 6, 7, 7, 6, 7. பி பத்தி 0.

பிட்ஸ்டாட்டில் பைத்தான் ப்ராசஸ்கள் எல்லாவற்றுக்கும் சிபியு பத்தியில் 0. முப்பத்து மூன்றும் 0!

இன்டரப்ட்ஸ் கோப்பில் இஎன்பி3எஸ்0-க்கு (நெட்வொர்க் போர்ட்டின் பெயர்) ஒரே ஒரு வரி. எண் ஏறுவது முதல் பத்தியில் மட்டும்.

பஃபர்பாண்டி

ஐஆர்கியுபேலன்ஸ் போடுங்க ப்ரோ, சரியாயிடும்.

டீமன்தாசன்

பாண்டி, அது இங்கே உதவாது. ஐஆர்கியுபேலன்ஸ் பல இன்டரப்ட்களைப் பல சிபியுக்களுக்குப் பங்கு வைக்கும். இவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு இன்டரப்டை இரண்டாக வெட்ட முடியாது, 0-இலிருந்து 3-க்குத் தூக்கிப் போடலாம், அவ்வளவுதான். நெரிசல் இடம் மாறும், குறையாது.

வேளச்சேரிவாசி சார், உங்கள் பெட்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே சிபியுவின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

முதல் கோளாறு யூசர் 41. ஷெட்யூலர் (எந்த ப்ராசஸ் எந்த சிபியுவில் ஓடணும் என்று முடிவு செய்யும் கெர்னல் பகுதி) சும்மா இருக்கும் 15 சிபியுக்களை விட்டுவிட்டு 33 ப்ராசஸ்களையும் 0-இலேயே அடைத்து வைக்காது, யாராவது கட்டிப்போட்டிருந்தால் ஒழிய. ஒரு வொர்க்கரின் பிஐடி (ப்ராசஸ் எண்) எடுத்து ‘டாஸ்க்செட் -பிசி’ கொடுங்கள். ‘0’ என்று மட்டும் வரும் என்பது என் ஊகம். ‘/ப்ராக்/பிஐடி/ஸ்டேட்டஸ்’ கோப்பில் ‘சிபியுஸ் அலவ்டு லிஸ்ட்’ வரியும் அதையே சொல்லும். கட்டிப்போட்டது எங்கே என்று பார்க்க, ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ என்று அடித்துப் பக்கத்தில் சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். மூலக் கோப்பை மட்டும் திறந்து பார்த்தால் போதாது, இந்தக் கட்டளைதான் பிற்சேர்க்கைக் கோப்புகளையும் சேர்த்துக் காட்டும். அதில் ‘சிபியுஅஃபினிட்டி=0’ என்று ஒரு வரி இருக்கலாம்.

33 என்ற எண்ணே ஒரு தடயம். 16-ஐ இரண்டால் பெருக்கி 1 கூட்டினால் 33. வொர்க்கர் எத்தனை என்று முடிவு செய்யும் இடத்தில் ‘ஓஎஸ்.சிபியு_கவுன்ட்’ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு பைத்தான் பெட்டியில் எத்தனை சிபியு என்று சொல்லும், இந்த ப்ராசஸுக்கு எத்தனை அனுமதி என்று சொல்லாது. அதைச் சொல்வது ‘ஓஎஸ்.ஷெட்_கெட்அஃபினிட்டி’. பைத்தான் 3.13-இல் ‘ப்ராசஸ்_சிபியு_கவுன்ட்’ என்று தனியாகவே வந்துவிட்டது. ஆக ஒரு கை 16 பேருக்கு இலை போட்டது, இன்னொரு கை எல்லோரையும் ஒரே இலையில் உட்கார வைத்தது. நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் ‘என்ப்ராக்’ அடித்தால் 16 தான் வரும். கட்டு சர்வீஸுக்கு மட்டும், உங்கள் ஷெல்லுக்கு இல்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வீஸை நிறுத்த முடியாது அல்லவா? நிறுத்தாமலே அவிழ்க்கலாம்: ‘டாஸ்க்செட் -ஏபிசி 0-15 பிஐடி’. ‘ஏ’ போட்டால்தான் அந்த ப்ராசஸின் எல்லா த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் ஓடும் கிளை வேலை, கோரின் த்ரெட் அல்ல) போகும், இல்லாவிட்டால் முதல் த்ரெட்டோடு நின்றுவிடும். தாய் ப்ராசஸுக்கு முதலில் செய்யுங்கள். பிள்ளைகள் பிறக்கும்போது கட்டும் சேர்ந்தே வரும், ஆனால் ஏற்கெனவே பிறந்ததற்கு ஒவ்வொன்றாக அவிழ்க்கணும். நிரந்தரத் தீர்வுக்கு ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து, சர்வீஸ் பகுதியில் ‘சிபியுஅஃபினிட்டி=’ என்று எதிரே எதுவும் போடாமல் வெறுமையாக விடுங்கள். வெறுமை என்றால் பழைய கட்டு ரத்து. இரவு ஷிப்ட் முடிந்து ரீஸ்டார்ட்.

இரண்டாவது கோளாறு சாஃப்ட் 49. 600 அழைப்பு, அழைப்புக்கு இரு திசை, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் திசைக்கு 50. ஆக விநாடிக்கு 60,000 பாக்கெட். பேண்ட்விட்த் கணக்கில் இது 100 மெகாபிட் சுற்றித்தான் வரும், அதனால் எம்ஆர்டிஜி (நெட்வொர்க் போக்குவரத்து அளவைக் காட்டும் கருவி) வரைபடத்தைப் பார்க்கிறவர் ‘10% தானே’ என்பார். ஆனால் ப்ராசஸருக்குச் செலவு பாக்கெட்டின் எண்ணிக்கையால், எடையால் இல்லை. ரியல்டெக் போர்ட்டுக்கு ஆர்8169 டிரைவரில் வாங்கும் க்யூ (பாக்கெட் வரிசை) ஒன்றுதான். அதன் இன்டரப்ட் விழும் சிபியுவே பாக்கெட்டைப் பிரித்து, ஃபயர்வால் ரூல் எல்லாம் தாண்டி சாக்கெட் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘/ப்ராக்/சாஃப்ட்ஐஆர்கியுஸ்’ கோப்பில் நெட்_ஆர்எக்ஸ் வரியும் முதல் பத்தியில் மட்டும் வீங்கியிருக்கும் பாருங்கள்.

குரல் அறுபடுவதன் காரணம் இந்த இரண்டும் மோதுவது. சாஃப்ட் இன்டரப்ட் வேலைக்கு யூசர் ப்ராசஸை ஓரம் தள்ளும் உரிமை உண்டு. பைத்தான் சாக்கெட்டை வடிக்க முறை கிடைப்பதற்குள் பஃபர் நிரம்பி வழியும். ‘நெட்ஸ்டாட் -எஸ்யு’ அடித்து ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ எண் 10 விநாடியில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் அறுந்த குரல்.

இதற்கு ஆர்பிஎஸ். கார்டு பங்கு பிரிக்காததை கெர்னலே பிரிக்கும் ஏற்பாடு. ‘/சிஸ்/கிளாஸ்/நெட்/இஎன்பி3எஸ்0/க்யூஸ்/ஆர்எக்ஸ்-0/ஆர்பிஎஸ்_சிபியுஸ்’ என்ற கோப்பில் எந்தெந்த சிபியு என்பதை ஹெக்ஸ் எண்ணாக எழுதணும். சிபியு 4-க்கு 10, சிபியு 5-க்கு 20, இரண்டும் சேர்த்து 30. அந்த 30-ஐ எழுதுங்கள். டெசிமல் என்று நினைத்து 48 எழுதினால் சிபியு 3-உம் 6-உம் மாட்டும், பிழைச் செய்தியும் வராது. 4-உம் 5-உம் ஒரே கோரின் இரட்டையர் இல்லை என்பதை ‘எல்எஸ்சிபியு -இ’ பட்டியலில் கோர் பத்தியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரைசனில் பெரும்பாலும் 4-க்கு ஜோடி 12, 5-க்கு 13.

ஒன்று கவனம். ஆர்பிஎஸ் அனுப்புநர், பெறுநர் முகவரியையும் போர்ட்டையும் வைத்துத்தான் பிரிக்கும். எல்லா அழைப்பும் ஒரே விபிஎன் டன்னலுக்குள் சுருட்டி வந்தால் வெளியிலிருந்து பார்க்க ஒரே ஓட்டம், எல்லாம் ஒரே சிபியுவுக்குத்தான் போகும். உங்களுடையது நேரடி யுடிபி போலத் தெரிகிறது, அப்படியானால் பிரியும்.

கான்ட்ராக் (ஃபயர்வாலுக்காக ஒவ்வொரு இணைப்பையும் பதிந்து வைக்கும் கெர்னல் பகுதி) ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆர்டிபி போர்ட்டுகளுக்கு ‘நோட்ராக்’ ரூல் போட்டால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் பேரேட்டைப் புரட்டும் வேலை மிச்சம். ஆனால் அந்தப் போர்ட்டுகளை ஃபயர்வாலில் வெளிப்படையாக அனுமதித்துவிட்டுச் செய்யுங்கள், ‘எஸ்டாப்ளிஷ்டு’ ரூலை (பதிவில் உள்ள இணைப்பை மட்டும் விடுவது) நம்பியிருந்தால் அந்த நொடியே எல்லா அழைப்பும் ஊமை.

பணம் செலவழிக்கணும் என்றால் ப்ராசஸரில் வேண்டாம். இன்டெல் ஐ350 சிப் போட்ட கார்டு ஒன்று வாங்குங்கள், போர்ட்டுக்கு 8 க்யூ வரை உண்டு. ‘எத்டூல் -எல்’ காட்டும். அப்போது பாண்டி சொன்ன ஐஆர்கியுபேலன்ஸுக்கும் வேலை வரும்.

நுங்கை_நெட்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் கேள்வியும் இதுதான். ஓபன்பிஎஸ்டி (லினக்ஸ் அல்லாத இன்னொரு ஓஎஸ்) மெய்நிகர் பெட்டி. 1 சிபியுவில் ஆரம்பித்து, ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி 4 ஆக்கியாச்சு. பில்லும் 4-க்கு வருது. ‘டாப்’பில் இன்னும் 1 தான். ஹோஸ்டிங்காரர் கொடுத்தாச்சு என்கிறார்.

ரூட்டுத்தலை

அவர் கொடுத்திருப்பார். உங்களுக்குத்தான் நிஜமாகவே மல்டிப்ராசஸர் சப்போர்ட் இல்லாத கெர்னல். ஓபன்பிஎஸ்டியில் கெர்னல் இரண்டு: ‘பிஎஸ்டி’ ஒற்றைச் சிபியுவுக்கு, ‘பிஎஸ்டி.எம்பி’ பலதுக்கு. இன்ஸ்டாலர் நிறுவும் நாளன்று எத்தனை சிபியு கண்டதோ அதற்கேற்ப ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடும். அன்று 1, அதனால் ஒற்றைக் கெர்னல்.

‘சிஸ்சிடிஎல் ஹெச்டபிள்யூ’ பட்டியலில் ‘என்சிபியுஃபவுண்ட்’ 4 என்றும் ‘என்சிபியு’ 1 என்றும் இருந்தால் சந்தேகமே இல்லை. ‘யுநேம் -வி’யில் ‘ஜெனரிக்’ என்று மட்டும் வரும், ‘ஜெனரிக்.எம்பி’ என்று வராது.

எளிய வழி, அடுத்த பதிப்புக்கு ‘சிஸ்அப்கிரேடு’ செய்வது. அப்போது இன்ஸ்டாலர் மறுபடி எண்ணிப் பார்த்து எம்பி கெர்னலை வைக்கும். உடனே வேண்டுமானால் அதே பதிப்பின் ‘பிஎஸ்டி.எம்பி’ கோப்பை இறக்கி, ‘சிக்னிஃபை’ (கையொப்பச் சோதனைக் கருவி) வைத்துச் சரிபார்த்து, பழைய ‘/பிஎஸ்டி’யை ‘/பிஎஸ்டி.எஸ்பி’ என்று பெயர் மாற்றிவிட்டு, புதியதை ‘/பிஎஸ்டி’ ஆக்குங்கள். பதிப்பு ஒன்றாக இருப்பது கட்டாயம். இத்தோடு ரீபூட் செய்துவிடுவார்கள், அங்கேதான் கோளாறு: ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கெர்னல் புதிதாக லிங்க் ஆகும் (துண்டுகள் மறுபடி கோக்கப்படும்), ‘/வார்/டிபி’யில் இருக்கும் கெர்னல் செக்சம் (கோப்பு அதேதானா என்று சோதிக்கும் எண்) பொருந்தாவிட்டால் அந்த வேலை தோற்றுப்போகும். ஆகவே ரீபூட்டுக்கு முன் ‘எஸ்ஹெச்ஏ256 -ஹெச்’ கட்டளையால் அந்தக் கோப்பைப் புதிய ‘/பிஎஸ்டி’க்கு எழுதிவிடுங்கள்.

ரீபூட் ஆன பிறகு ‘என்சிபியுஆன்லைன்’ 4 வராமல் 2 வந்தால் பதறவேண்டாம். 2018-இல் வந்த 6.4 முதல் ஹைப்பர்த்ரெடிங்கை (ஒரு கோரில் இரண்டு த்ரெட்) ஓபன்பிஎஸ்டி தானாகவே மூடி வைக்கிறது, பாதுகாப்புக்காக. ‘ஹெச்டபிள்யூ.எஸ்எம்டி=1’ திறக்கும். வெளியாள் எவரும் ஷெல் வைத்திராத பெட்டி என்றால் திறக்கலாம், இல்லாவிட்டால் மூடியே இருக்கட்டும்.

ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஜெனரிக் கெர்னலிலேயே எஸ்எம்பி உண்டு. அங்கே 1 மட்டும் தெரிந்தால் ‘/பூட்/லோடர்.கான்ஃப்’ கோப்பில் ‘கெர்ன்.எஸ்எம்பி.டிசேபிள்டு’ இருக்கிறதா பாருங்கள். தனித்தனி சிபியுவுக்கு ‘டாப் -பி’, பி பெரிய எழுத்து. கட்டிப்போட்டதைப் பார்க்க ‘சிபியுசெட் -ஜி -பி’.

பஃபர்பாண்டி

ஐஆர்கியு விஷயம் ஒப்புக்கொண்டேன். ஆனா லோடு 6.8, சிபியு 16. லோடு சிபியு எண்ணிக்கைக்குக் கீழே இருந்தா பிரச்சினை இல்லைன்னுதானே விதி?

டீமன்தாசன்

அந்த விதி, எந்த வேலையும் எந்த சிபியுவுக்கும் போகலாம் என்றால்தான் செல்லும். இங்கே 6.8 பேரும் நின்றது ஒரே கவுண்டரில். கோயம்பேட்டில் 16 கவுண்டர் திறந்திருக்கு, ஒரு கவுண்டரில்தான் உங்கள் ஊருக்கு டிக்கெட் என்றால் மற்ற 15 காலியாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று, லினக்ஸில் லோடு ஆவரேஜ் ப்ராசஸர் கணக்கு மட்டும் இல்லை. டிஸ்குக்குக் காத்திருக்கும் டி நிலை ப்ராசஸும் அதில் சேரும். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்பு தரும்) சர்வர் படுத்துவிட்டால் லோடு 80 காட்டும், ப்ராசஸர் குளிர்ந்தே இருக்கும். விஎம்ஸ்டாட்டில் ஆர் ஏறினால் ப்ராசஸர் நெரிசல், பி ஏறினால் வேறு எங்கோ காத்திருப்பு. இவருக்கு பி 0, அதனால்தான் டிஸ்க் பக்கம் போகவே இல்லை.

மின்வெட்டு_மணி

கிண்டி எஸ்டேட், அசெம்பிள் பெட்டி, தனி ஏசி இருக்கிறதா தெரியவில்லை. கத்திரி வெயிலில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சூடு ஏறினால் ப்ராசஸர் தானே கடிகாரத்தைக் குறைக்கும். 4,400 மெகாஹெர்ட்ஸில் 40% எடுத்த வேலை 2,200-க்கு இறங்கினால் 80% எடுக்கும். வேலை கூடவே இல்லை, சதவீதம் மட்டும் இரட்டிப்பு. மதியம் 2 மணிக்கு மட்டும் வரும் ‘ஹை சிபியு’ புகாரில் இதை முதலில் பார்க்கணும். ‘டர்போஸ்டாட்’ ஓட்டி ‘பிஸி மெகாஹெர்ட்ஸ்’ பத்தியைப் பாருங்கள், ‘சென்சார்ஸ்’ கட்டளையில் டிசிடிஎல் என்ற ப்ராசஸர் வெப்பத்தைப் பாருங்கள். சிபியு ஃபேனில் தூசி, காய்ந்துபோன பேஸ்ட், இரண்டையும் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

வேளச்சேரிவாசி

டீமன்தாசன் சார் சொன்னதேதான். பிற்சேர்க்கைக் கோப்பில் ‘சிபியுஅஃபினிட்டி=0’ இருந்தது. நேற்று அவிழ்த்து, ஆர்பிஎஸ் 30 எழுதி, இன்று 11.20-க்கு எடுத்தது:

சிபியு 0: சாஃப்ட் 17, ஐடில் 70. சிபியு 4, 5: சாஃப்ட் 19, 21. பைத்தான் 16 சிபியுவிலும் பரவி ஓடுது. லோடு 1.9. ரிசீவ் பஃபர் எரர்ஸ் 10 விநாடியில் முன்பு 4,000-க்கு மேல் ஏறும், இப்போது 0. டிசிடிஎல் 61 டிகிரி, கடிகாரம் இறங்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். காலையில் ஒரு தடவை ரீபூட் செய்தேன், ஆர்பிஎஸ் கோப்பில் 30 போய் மறுபடி 0 ஆகிவிட்டது. கையால் எழுதினேன். ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’பில் போட்டால் நிற்குமா?

டீமன்தாசன்

நிற்காது. சிஸ்சிடிஎல் பார்ப்பது ‘/ப்ராக்/சிஸ்’ மட்டும், இது ‘/சிஸ்’. ‘ஆர்சி.லோக்கல்’ (பெட்டி துவங்கும்போது ஒரு முறை மட்டும் ஓடுவது) வழியும் வேண்டாம், கார்டு டிரைவர் மறுபடி ஏறினால் மதிப்பு மறுபடி போய்விடும். யுடெவ் (சாதனம் தலைகாட்டும்போதெல்லாம் அதற்கான அமைப்பைப் போடும் ஏற்பாடு) ரூல் எழுதுங்கள்: ஆக்‌ஷன் ‘ஆட்’, சப்சிஸ்டம் ‘நெட்’, நேம் ‘இஎன்பி3எஸ்0’ (பெயர் வைக்கும் 80-ஆம் எண் ரூலுக்குப் பிறகு ஓடும்படி கோப்புப் பெயரை 81 என்று தொடங்குங்கள்), இந்த மூன்றும் ஒப்பீடு, ஆகவே இரட்டைச் சமக்குறி. அடுத்து ஆட்ரிப்யூட் ‘க்யூஸ்/ஆர்எக்ஸ்-0/ஆர்பிஎஸ்_சிபியுஸ்’க்கு 30, இது எழுதும் மதிப்பு, ஆகவே ஒற்றைச் சமக்குறி. இதில் இரட்டை போட்டால் ரூல் எழுதாமல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஐ350 கார்டு வந்ததும் இந்த ரூலை எடுத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸ் பெயரும் மாறும், ரூல் சும்மா கிடக்கும், ஆறு மாதம் கழித்து வருகிறவர் எதற்கு என்று தெரியாமல் தலையைச் சொறிவார்.

நுங்கை_நெட்

என்சிபியுஆன்லைன் 4. செக்சம் எழுதாமல் முதலில் ரீபூட் செய்துவிட்டேன், சொன்ன மாதிரியே ரீலிங்க் தோற்றுது. எழுதினதும் சரியாச்சு.